நாகவேணி டீச்சரின் பை-டூ காபி

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் நாகவேணி டீச்சர் சிர்சி பஸ் ஸ்டாண்டில் இருக்கும் என் ஹோட்டலுக்கு வந்துவிடுவார். முன்பெல்லாம் கூட வேலை பார்த்த சுலோசனா டீச்சரும் வருவார். ஒரு காபியை இரண்டு கிளாஸில் பிரித்துத் தரும் பை-டூவும் வாழைப்பழம் பிசைந்து பொரித்த பன்ஸ் ஒரு தட்டும் சொல்வார்கள்.

“சம்பளம் சர்க்கார் குடுக்குது. சபாஷ் யாரு குடுப்பா? நாமளேதான் குடுத்துக்கணும்” என்று நாகவேணி சிரிப்பார்.

ஜூனில் சுலோசனாவை கர்நாடகத்தின் மறுகோடியில் இருக்கும் பீதருக்குத் தூக்கியடித்தார்கள். அந்த உத்தரவு போட்டவனுக்கு என் கடையில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ஐந்து வகுப்புக்கும் இப்போது நாகவேணி ஒருவர்தான். இன்றும் வந்து பை-டூதான் கேட்டார்.

“தனியாத்தானே வந்திருக்கீங்க, முழு காபியே குடிங்களேன்” என்றான் சர்வர் கணபா.

“பை-டூவே கொண்டாப்பா.”

ஒரு கிளாஸைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்துபோய், சுலோசனா வழக்கமாக உட்காரும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கணபா சிரிக்கப் போனான். நான் முறைத்ததில் சமையலறைக்குள் போய்விட்டான்.

ஆறிப்போன இரண்டாவது கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு, தான் விட்டு வந்த நாற்காலியைப் பார்த்து டீச்சர் மெதுவாகச் சொன்னார்:

“இந்த வாரமும் சமாளிச்சிட்டீங்க, நாகவேணி.”