அப்பா கிடக்கும் கடலின் உயரம்

அலுவலகத் தோழி ஒருத்தி இராமேசுவரம் போய்விட்டு வந்து எனக்கொரு சங்கு தந்தாள். வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனேன். வாசனையே இல்லை. அவள் சிரித்தாள். சங்கை முகர்ந்து பார்ப்பவளை அவள் எங்கே கண்டிருப்பாள்? எனக்குச் சங்கு என்றால், தூத்துக்குடியில் எங்கள் தெருக்கோடியில் சதை அழுகட்டும் என்று குவித்துப் போட்டிருப்பார்களே, அந்த நாற்றம்தான். அப்பாவின் சட்டையிலும் அதுதான் அடிக்கும். அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள்; நான் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கொஞ்சம் திமிர் இருக்காதா?

அப்பா சங்கு குளிப்பவர். காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். நான் கல்லூரியில் படித்தபோது ஒருநாள் குழாய் மட்டும் மேலே வந்தது. எல்லாப் படகுகளும் போய்த் தேடின. உடல் கிடைக்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது அம்மா வீட்டிலேயே இருந்துவிடுவாள். அப்பா பெயருக்கு ஒரு சிலுவையாவது நட்டுவிடலாம் என்று பங்குச்சாமியார் சொல்லிப் பார்த்தார்.

“ஆளு இல்லாம சிலுவையா சாமி? எம் மவ வானத்துல இருந்து கடல அளக்கா. அவரு எங்கன கெடக்காருன்னு அவ பாத்துச் சொல்லட்டும்.”

செயற்கைக்கோள் அளவுகளைக் கணக்கிடும் வேலை எனக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. அடுத்த வீட்டு மேரி அத்தை சும்மா விடுவாளா? “ஏளா, பாத்ததும் சாட்டிலைட்டு ஒனக்குப் போனு போடுமாக்கும்!”

விடுமுறைக்கு நான் போய் இறங்கியதும் அம்மா மடிக்கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள். “காட்டுளா.”

வகுப்பெடுப்பது போல ஆரம்பித்தேன். மேலேயிருந்து ரேடார் அலையை அனுப்புவோம். அது கடல்மேல் பட்டுத் திரும்பி வரும். வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, கடல் எங்கே உயர்ந்திருக்கிறது, எங்கே தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவோம்.

“தண்ணிக்குள்ள போவாதா?”

“போகாதும்மா.”

அவள் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், என் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொன்னேன். கடலடியில் மலை இருந்தால் அது தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அதற்கு நேர் மேலே கடல் கொஞ்சம் மேடாக நிற்கும். அந்த மேட்டை வைத்தே, கண்ணால் காணாத மலையைக் கண்டுபிடித்துவிடுவோம்.

அம்மா நிமிர்ந்தாள். “அப்போ, மனுசன் கெடந்தா?”



“மனுசனுக்கு அவ்வளவு கனம் இல்லம்மா.”

திரையின் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒங்கப்பா நல்ல கனமான ஆளுளா,” என்றாள். பிறகு அவளே மடிக்கணினியை மூடினாள்.

அந்த வருடம் சிலுவை நட்டோம். மேரி அத்தைதான் காற்றில் அணையாமல் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அதுவரை நான் எப்போது போன் செய்தாலும், எடுத்தவுடன் அம்மா, “இன்னைக்குக் கடலப் பாத்தியா?” என்பாள். இப்போது “சாப்ட்டியா?” என்கிறாள்.