கடற்கரையில் என் மகள்

மாமல்லபுரம் கடற்கரையில் கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். பட்டம் விடுகிறவர்கள், குதிரை ஏறுகிறவர்கள், நனைந்த பேண்ட்டோடு செல்ஃபி எடுக்கிறவர்கள். இத்தனை பேருக்கு நடுவில் என் நாலு வயது மகள் மட்டும் சிமென்ட் பாதை முடிகிற இடத்திலேயே நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று ஒரே அடம்.

"வாம்மா, கடல் பாரு, எவ்ளோ பெருசு!" என்றார் என் கணவர்.

"இந்த மண்ணு சயனைடு. தொடக் கூடாது" என்றாள்.

கணவர் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்தவர், சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என் வாயிலிருந்து போன வார்த்தை. மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சயனைடு கலந்து தங்கம் எடுத்தபின் கொட்டிய சுரங்க மண் மலையாகக் கிடக்கிறது; ஊரில் அதற்குப் பேரே சயனைடுதான். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகியும், காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் சோற்றுத் தட்டுவரை வந்துவிடும். "அத்தத் தொட்டா கை வெந்துபூடும்" என்று என் அம்மா என்னை மிரட்டினாள். நான் இவளை மிரட்டினேன். அதைத் தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு மணலும் உலகத்தில் உண்டு என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாதமாகக் கடல், கடல் என்று குதித்த பிள்ளை. பயத்தோடு திரும்பினால் அந்தப் பாவம் என்னுடையது. சரி, நாமே காட்டிவிடுவோம் என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்தடி நடந்து, மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். முப்பத்து மூன்று வயதில் முதல் தடவை. உடம்பெல்லாம் கூசியது. வீம்புக்கு ஒரு பிடி அள்ளிக் காட்டினேன்.

"பாரு, அம்மாவுக்கு இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல."

அவள் முகம் கோணியது. "போடும்மா! கீழ போடு! எந்திரி!" என்று வீறிட்டாள். தூக்கப்போன அப்பாவின் கையை உதறிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு மணலுக்குள் ஓடி வந்தாள். ஒரு செருப்பு பாதி வழியிலேயே புதைந்து நின்றுவிட்டது. என் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். கவுனின் ஓரத்தால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"எரியுதாம்மா?" என்று கேட்டு, உள்ளங்கையில் ஊதினாள்.

அவளுடைய வெறுங்கால் கணுக்கால் வரை மணலில் புதைந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.