வளைவு வரைக்கும் இளகியிருந்த தார்

வெள்ளிமலைக்குப் போகும் மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. பஸ் சக்கரம் திரும்பித் திரும்பியே அங்கே ரோடு பெயர்ந்துபோகும். சாதாரணத் தார் தாங்கவில்லை என்று, கல் பவுடர் நிறையக் கலந்த கெட்டித் தாரை ஊற்றச் சொல்லியிருந்தார்கள். அதைக் காய்ச்சும் வண்டியைக் குக்கர் என்போம். டிராக்டர் இழுத்துப் போகும். எங்கள் மேஸ்திரிக்குச் சொத்து என்றால் அது ஒன்றுதான். அதன் தீயைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டாவதோடு நின்றவன் நான். படிப்பு கம்மி, பயம் ஜாஸ்தி. வீட்டில் கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ஆள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது, குக்கருக்குள் தாரைக் கலக்கும் மோட்டார் நின்றுபோனது. ஓரம் கட்டி, மூடியைத் தூக்கினேன். தார் அசையவில்லை. இரும்புக் கம்பியை உள்ளே விட்டேன். நட்டபடி நின்றது.

உள்ளேயே இறுகிவிட்டால் குக்கரை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

"யோவ், இன்னா பாத்துக்கினு நிக்கிற? தீய ஏத்துயா!" என்றார் மேஸ்திரி.

"அடி புடிச்சா பத்திக்கும் மேஸ்திரி."

"உனுக்கு வெயிலடிச்சாலே பத்திக்கும். ஏத்து!"

தீயை ஏற்றும் திருகின்மேல் என் கை இருந்தது. ஏற்றினாலும் போச்சு, ஏற்றாவிட்டாலும் போச்சு.

பின்னால் ஜீப்பில் வந்த பெண் இறங்கி ஓடிவந்தார். சேலத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். எவ்வளவு சூட்டில், எவ்வளவு பவுடர் போட்டால் தார் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் அவர் படிப்பு. சூடு பார்க்கும் கருவியை உள்ளே விட்டார்.

"சூடு எறங்கலண்ணா. தீய ஏத்தாதீங்க. பவுடர் ஜாஸ்தி, அதான் சும்மா நின்னா புடிச்சிக்குது. கலக்கினா வுட்டுடும்."

"கம்பியே நட்டுக்கினு நிக்குது. வுட்டுடும்ன்றீங்களே மேடம்!" என்றார் மேஸ்திரி.

"கணக்குல வுடுதுங்க."

"வண்டியில?" என்று நான் கேட்டேன்.

அவர் கருவியை வெளியே எடுத்தார். "வண்டியில இன்னும் பாத்ததில்லண்ணா."

 சொன்ன கையோடு அவரே கையுறையை மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தார். நான் திருகை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்து தள்ளினேன். அசையவில்லை. மேஸ்திரி திட்டிக்கொண்டே வந்து தோளைக் கொடுத்தார். ஓர் ஓரம் மெல்ல நெகிழ்ந்தது. ஒரு சுற்று வந்ததும் அடுத்த சுற்று லேசானது. கையை எடுத்தால் மறுபடி பிடித்தது. வண்டியை அங்கங்கே நிறுத்தி, கலக்கிக் கலக்கி ஏறினோம்.

வளைவில் குக்கரின் வாயைத் திறந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. நான் மேஸ்திரி முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் கறுப்பாய், தடிப்பாய், வழிந்து வந்தது. மேஸ்திரி துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்டி ஓடுதே மேடம், சரிவுல எறங்கிப் பூடாதா?" என்றேன்.

"சும்மா வுட்டா புடிச்சிக்கும்ணா. இப்பதான பாத்தீங்க?"

"எறுகினாலும் அழுவான், ஓடினாலும் அழுவான்" என்றார் மேஸ்திரி.

கீழ் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, தார் ஆறுகிற வரை பக்கத்திலேயே குந்தியிருந்தேன். கோட்டைத் தாண்டவில்லை. முதல் பஸ் மேலிருந்து இறங்கி வளைவில் திரும்பியபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

"பஸ்சு பூட்சி. கண்ணத் தெறயா" என்றார் மேஸ்திரி.