பெயர் போடாத விதி

நோர்வேயில், லில்லெஸ்ட்ரோம் போகும் ரயிலில் எனக்கு எதிரே உட்காரும் அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. சாயமிடாத வெள்ளை முடி, சிரித்துப் பழகாத வாய். மடியில் எப்போதும் அச்செடுத்த தாள்கள் இருக்கும். வங்கி முறிந்தால் சனத்தின் சேமிப்பைக் காக்கும் சட்டம் பற்றி நோர்வே நாடாளுமன்றத்தில் நடந்த பழைய விவாதங்கள் அவை. யார் எந்த வரியை மாற்றச் சொன்னார் என்று சிவப்புப் பேனாவால் கோடிட்டுக்கொண்டே வருவார்.

"சோதினைக்குப் படிக்கிறீங்களோ அன்ரி?"

"இல்லைத் தம்பி. எங்கடை சீட்டுக் காசைச் சுத்தினவன் இப்ப எங்கடை தமிழ்ச் சங்கத்துக்குப் பொருளாளரா வரப்போறானாம். சீட்டைக் காக்க இஞ்சை ஒரு சட்டமும் இல்லை. அதுதான் நானே எழுதப் பழகிறன்."

"அவரின்ரை பேரைப் போட்டோ?"

"எனக்கென்ன விசரே? முறிஞ்ச வங்கியின்ரை பேர் இந்தச் சட்டத்திலை எங்கையாவது இருக்கோ? ஆனா எந்த வங்கியாலை வந்த சட்டமெண்டு ஆருக்குத் தெரியாது?"

சங்கப் பொதுக்கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். சீட்டுப் பிடித்துக் காசு கொடுக்காதவர் எந்தப் பொறுப்புக்கும் வரக்கூடாது என்று அந்த அம்மா ஒரு விதியை முன்மொழிந்தார். மண்டபமே ஒருவரைத் திரும்பிப் பார்த்தது. எதிர்த்தால் தான்தான் அந்த ஆள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அந்த மனிதரே விதிக்கு ஆதரவாக முதலில் கையை உயர்த்தினார்.

மறுநாள் ரயிலில் வாழ்த்துச் சொன்னேன். அந்த அம்மா நிமிரக்கூட இல்லை. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அது முதலாம் பிரிவு, தம்பி."