மாந்தோப்புக்குப் போகும் பாதை

போன வாரம் திண்டுக்கல் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தேன். பயப்படாதீர்கள்... நண்பர் ஒருவரின் உயிலில் கையெழுத்துப் போட்ட பாவத்துக்காகத்தான்.

காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள். மதியம் வரை கூப்பிடவில்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. முன்னால் கறுப்பு கவுன்கள் நகர்கின்றன, உதடுகள் அசைகின்றன, ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுப்பு... கடைசி பெஞ்சுக்கு எதுவும் வந்து சேரவில்லை. பாதித் தூக்கத்தில், கிணற்றுத் தண்ணீருக்குள் இருந்து மேலே பார்ப்பதுபோல் இருந்தது. அந்த மயக்கம் சுகமாகவே இருந்தது. எனக்கென்ன, வழக்கா இருக்கிறது?

பக்கத்தில் இருந்த பாண்டியம்மாள் அக்காவுக்கு இருந்தது. நத்தம் பக்கம் சின்ன மாந்தோப்பு. தோப்புக்கு வண்டி போகும் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். ஒன்பது வருடமாக மாங்காய் தலைச்சுமையாகத்தான் ரோட்டுக்கு வருகிறது. அன்று தீர்ப்பு.

மயில்கழுத்துக் கலர் சேலை, துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது.

“ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதே சேலைதேன் தம்பி. அம்புட்டுக் கூட்டத்துல ஐயாவுக்கு அடையாளம் தெரியணும்ல?”

எந்த ஐயா? மேடையில் இருந்தவர் ஓர் இளம் பெண் நீதிபதி.

“இவுக அஞ்சாவது. மாறிப் போறவுக அடுத்தவுகட்டச் சொல்லிட்டுத்தான போவாக... மயில்கழுத்துச் சேலைக்காரியக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு” என்றார், சிரிக்காமல்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நம்மில் யாருக்கு நீதிமன்றத்தின் மேல் இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது? இப்போது மொபைலைத் தட்டினால் அடுத்த வாய்தா தேதி வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் போன வாய்தாவில் என்ன பேசினார்கள், ஏன் தள்ளிப் போட்டார்கள் — அதை யார் சொல்வது? கோர்ட் கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. உள்ளே வந்தவருக்குப் புரிய வேண்டாமா?

டவாலி போட்ட கோர்ட் சேவகர் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். நீதிபதி ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னார், வக்கீல் தலையாட்டினார். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். ஆனால் நீதிபதி பேனாவை மூடிவைத்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார்.

“உங்க வழக்கு தள்ளுபடி ஆகுதும்மா. ஏன்னு சொல்றேன், கேட்டுக்கங்க. வேற வழியே இல்லைன்னாத்தான் அடுத்தவங்க நிலத்துல பாதை கேட்க முடியும். உங்களுக்கு வடக்குப் பக்கம் ஒரு சுத்துப் பாதை இருக்கு. கோர்ட் அனுப்பின கமிஷனர் நேர்ல வந்து பார்த்து எழுதியிருக்கார். இதுல திருப்தி இல்லைன்னா நீங்க அப்பீல் போகலாம். நான் சொன்னது புரிஞ்சுதா?”

கடைசி பெஞ்ச் வரை ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

அக்காவின் பின்னாலேயே வராந்தாவுக்குப் போனேன். அவர் அழவில்லை.

“அந்தம்மா சொன்னது நெசந்தேன் தம்பி. வடக்க ஒரு பாதை கெடக்கு. பள்ளமும் மேடுமா இருக்கும், வண்டி போகாது.”

“அப்பீல் போறீங்களாக்கா?”

“இம்புட்டுத்தேன் விசயம்னு மொத வாய்தாவுலயே யாராச்சும் சொல்லியிருந்தா, இந்த ஒம்பது வருசத்துல அந்தப் பள்ளத்துக்கு மண்ணடிச்சு வண்டிய ஓட்டியிருப்பேன்.”