பதினோரு புங்கமரங்களும் ஒரு குடையும்

மரம் இலை உதிர்க்கிறது என்று எழுத்துமூலம் புகார் கொடுக்கிற மனிதர்களோடு நான் ஒன்பது வருடமாக வாழ்கிறேன். எங்கள் நகர் பிள்ளையார்பாளையத்தை ஒட்டி, திருப்பருத்திக்குன்றம் போகிற பக்கம் இருக்கிறது. நாற்பத்திரண்டு வீடு. பாதிப் பேர் பட்டுக்கடைக்காரர்கள், மீதிப் பேர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். நான் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தேன். சத்தம் போடத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக என்னைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள்.

பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். மோட்டார் போடுகிறவர் வராவிட்டால் நான் போய்ப் போட வேண்டும். குப்பை வண்டி வராவிட்டால் என் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுவார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் நானே அணைத்து வைத்தது போல முறைப்பார்கள். காய்கறிக் கழிவைப் போடுவதற்குப் பூங்காவில் ஒரு உரக்குழி வெட்டினேன். அதில் ஒரு மகராசி பழைய செருப்பைப் போட்டாள். கேட்டதற்கு, "அதுவும் மக்கும்ல டீச்சர்?" என்றாள். படித்தவள்.

எங்கள் பெரிய தெரு ஒரு பக்கம் மெயின் ரோட்டில் தொடங்கும். மறுபக்கம், நான் குடிவந்த புதிதில், பின்னால் இருக்கிற நெசவாளர் தெருவுக்குத் திறந்திருந்தது. அந்தத் தெருக்காரர்கள் பாவு சுற்றிய உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு இந்த வழியாகப் போவார்கள், வருவார்கள். எங்கள் நகரில் பாதிப் பேருடைய அப்பன்மார் அந்தத் தெருவில் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து சம்பாதித்தவர்கள்தான். ஆனால் அந்த வழியில் யாரோ ஒரு கிழவர் நடந்து போனால் இவர்களுக்குப் பாதுகாப்புப் போய்விடுகிறதாம். தெருக்கோடியில் ஏழடிச் சுவர் எழுப்பி மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தார்கள். நான் அப்போது செயலாளர் இல்லை. கூட்டத்தில் வேண்டாம் என்று கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் தெருவில் இருந்த ஒரே நல்ல விஷயம் பதினோரு புங்கமரங்கள். மனை பிரித்த காலத்தில் யாரோ புண்ணியவான் வைத்தது. கோடையில் வெளியே இருந்து உள்ளே நுழைந்தால் முகத்தில் ஈரத்துணி போட்டது போல இருக்கும். பூ உதிர்ந்தால் தரை முழுக்க அரிசி கொட்டினது மாதிரி கிடக்கும். எனக்கு வந்த புகார்களில் பாதி அந்தப் பூவைப் பற்றித்தான். காரில் ஒட்டுகிறதாம்.

ஏழாவது மரத்தின் கீழே இஸ்திரிக்காரர் வண்டி போட்டிருந்தார். அவரும் அவர் மனைவியும். மனைவி வீடு வீடாகத் துணி வாங்கி வருவாள், அவர் தேய்ப்பார். கொட்டாங்கச்சிக் கரி போட்ட கனமான பெட்டி. நிழல் இல்லாமல் அந்தத் தொழில் நடக்காது. தணலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு மேலேயும் நெருப்பு வேண்டாம் என்பது ஒன்று. தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்த துணி வெயிலில் பெட்டி படுவதற்குள் காய்ந்துவிடும், மடிப்பு நிற்காது என்பது இன்னொன்று. அந்த மரம்தான் அவருக்குக் கடை, கூரை எல்லாம்.

தை மாதம் சங்கத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். ராஜவீதியில் பட்டுக்கடை வைத்திருப்பவர். எங்கள் நகரில் விற்காமல் கிடக்கிற இரண்டு மனைகளும் அவருடையவைதான்.

"டீச்சர், நம்ம நகருக்கு சாமி வரப் போவுது."

"எந்த சாமி?"

"நம்ம பக்கத்துக் கோயில் சாமிதான். சித்திரை உற்சவத்துல ஏழாம் நாள் காலைல. பேசிட்டேன். என் வீட்டு வாசல்ல மண்டகப்படி. சாமி நிக்கும், பூஜை வாங்கிக்கும், போவும்."

"கோயில்ல சரின்னாங்களா?"

"பாக்கலாம்னாங்க. பாக்கலாம்னா சரின்னுதானே அர்த்தம்? சாமி வர்ற தெருன்னு ஆயிட்டா அதோட மதிப்பே வேற டீச்சர்."

இரண்டு மனையும் விலைபோய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பக்தியோடு வந்திருக்கிறவரிடம் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

பத்து நாள் கழித்து ஒரு மூங்கிலோடு வந்தார். சாமிக்குப் பிடிக்கிற பெரிய குடையின் உயரம் அதில் சுண்ணாம்பால் குறித்திருந்தது. தெருவில் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். ஓரமாக ஒதுங்கி நின்ற ஏழாவதைத் தவிர, மூங்கில் ஒவ்வொரு மரத்திலும் இடித்தது. இடிக்கிறபோதெல்லாம் அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்பது வருடமாகப் பூவையும் இலையையும் திட்டியவர்களுக்குக் கடவுளே வந்து காரணம் கொடுத்துவிட்டார்.

ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கிளைகளை மட்டும் கழிக்கலாம் என்று நான் ஒத்துக்கொண்டேன். புங்கு மறுபடி தழைக்கும். இஸ்திரிக்காரரிடம் போய், "உன் மரத்துல கை வெக்க மாட்டாங்கப்பா, அது ஓரமா இருக்குது, நான் சொல்லிட்டேன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி டீச்சரம்மா" என்றார்.

கிளை கழிக்க அனுமதி என்று தலைவர் ஒரு காகிதம் கொண்டுவந்தார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பரீட்சை நேரத்தில் மாணவிகளுக்கு, கேள்வித்தாளை இரண்டு முறை படி என்று முப்பது வருடம் பாடம் எடுத்தவள் நான்.

பங்குனிக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக வாலாஜாபாத் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பி வந்தேன். ஆட்டோவை விட்டு இறங்கியபோது வேறு தெருவில் இறக்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். பதினோரு மரமும் இல்லை. இடுப்பு உயரத்துக்கு அடிக்கட்டைகள் நின்றன. தெரு முழுக்க மரத்தூள். வெயில் நேராக வீடுகளின் டைல்ஸ் முகத்தில் அடித்தது.

தலைவர் வாசலில் நின்றிருந்தார். "கிளை மட்டும் கழிச்சா கூலி கேட்டான் டீச்சர். முழுசா வெட்ட வுட்டா கூலியே வேணாம், மரத்த எடுத்துக்குறேன்னான். சங்கத்துக்கு செலவே இல்ல பாருங்க."

"கட்டைய எடுத்துக்கினு போறவன் கூலி கேப்பானாய்யா? உங்களுக்கு மூளை இருக்குதா?"

"கோவப்படாதீங்க. தெரு எவ்ளோ வெளிச்சமா இருக்குது!"

நான் ஏழாவது கட்டைக்குப் போனேன். இஸ்திரிக்காரர் தன் கறுப்புக் குடையை வண்டியின் கைப்பிடியில் கட்டி, அதன் கீழே தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகு முழுக்க வெயிலில் இருந்தது.

"ஏம்பா, நீயாவது தடுத்திருக்கக் கூடாதா?"

"சொன்னேன் டீச்சரம்மா. டீச்சர் இந்த மரத்த வுட சொல்லிக்கிறாங்கன்னு சொன்னேன். பேப்பர காட்னாங்க. உங்க கையெழுத்துதான்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தலைவரிடம் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். 'கிளைகளையும், தேவைப்பட்டால் மரங்களையும்' என்று இருந்தது. இத்தனை நாள் இந்தக் கூட்டத்தை மட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து என்னுடையது.

சித்திரை பிறந்தது. வண்டிக்கு மேல் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்ள அவர் அனுமதி கேட்டார். கூட்டத்தில் வைத்தேன். உற்சவ நேரத்தில் தெருவின் அழகு கெடும் என்று மறுத்தார்கள். மறுத்த கையோடு ஏழாம் நாளுக்கு உடுத்தப் பட்டுச்சேலையும் பட்டுவேட்டியும் அவர் வண்டியில் மலை போலக் குவித்தார்கள். அவர் பட்டை மட்டும் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தேய்த்துக் கொண்டுவந்தார். வெயில் பட்டால் சாயம் மங்கும் என்பதற்காக. இந்தக் கடைக்காரர்கள் வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் தினமும் சொல்கிற வார்த்தை, "நிழல்லயே வைங்கம்மா, வெயில் ஆவாது." சேலைக்குச் சொல்வார்கள்.

ஏழாம் நாள் காலையில் தெருவை அடைத்துக் கோலம். அடிக்கட்டைகளை மறைக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூந்தொட்டி. தலைவர் வீட்டு வாசலில் வாழைமரம், பந்தல், நாற்காலி. நாற்பத்திரண்டு குடும்பமும் தேய்த்த பட்டில் வேர்த்து நின்றது. மேளச்சத்தம் மெயின் ரோட்டில் நெருங்கியது. சாமி தெருமுனைக்கு வந்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

சாமியைத் தூக்கி வருகிறவர்களுக்குப் பெரியவர் ஒருவர். தோளில் தழும்பு ஏறிய, கட்டையான ஆள். அவர் மட்டும் நாலடி முன்னால் வந்து தெருவை நீளவாக்கில் பார்த்தார்.

"இன்னாபா இது, அந்தாண்ட செவுரு வெச்சிக்கிறீங்க?"

தலைவர் ஓடினார். "ஆமா சாமி, சேஃப்டிக்கு. நீங்க வாங்க, வாசல்ல நின்னுட்டுத் திரும்பிக்கலாம். நெறைய எடம் இருக்குது, லாரியே திரும்புது."

"லாரி திரும்பும்பா. சாமி ரிவர்ஸ் எடுக்காது."

மேளக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் கைகூப்பினார். "ஒரே ஒரு தடவை..."

"உள்ள போனா அந்தப் பக்கம் வெளிய வரணும். எங்க தாத்தா காலத்துலேந்து அப்டித்தான். இந்த ஊர்ல பொறந்தவன்தானே நீ? தெரியாது?"

தெரியும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். காஞ்சிபுரத்தில் நடக்கப் பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும், சாமி ஒரு வீதியில் நுழைந்து அடுத்த வீதியில் வெளியேறி வலம் வரும் என்று. மூங்கிலைத் தூக்கிக்கொண்டு தெருவை அளந்தவர்களில் ஒருவரும் அந்தக் கோடியில் சுவர் இருப்பதை நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை. அவ்வளவு பழகிப் போயிருந்தது.

முனையிலேயே ஒரு கற்பூரம் காட்டினார்கள். சாமி போய்விட்டது. முக்கால் மணி நேரத்தில் நாதஸ்வரம் சுவருக்குப் பின்னால் கேட்டது. நெசவாளர் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி, சுவரோரம் போட்டு ஏறி, கண்ணாடிச் சில்லுகளுக்கு இந்தப் பக்கமிருந்து எக்கிப் பார்த்தார். கீழே அவர் மனைவி தட்டோடு நின்றார்.

"தெரியுதாங்க?"

"குடை தெரியுது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பல பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அது ஒரு லாபம்.

திரும்பிப் பார்த்தபோது இஸ்திரிக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். தணலை மண்ணில் கொட்டி அணைத்திருந்தார். மனைவி மூட்டையைத் தலையில் வைத்திருந்தாள்.

"அந்தாண்ட தெருவுல ஒரு வேப்பமரம் இருக்குது டீச்சரம்மா. மூணு நாள் முன்னாடியே கேட்டு வெச்சேன். நிக்க சொல்லிட்டாங்க. பண்டிகைத் துணி பாக்கி இருந்திச்சி, அதான் இருந்தேன்."

எல்லார் துணியையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். கோலத்தின் மேல் வண்டிச் சக்கரம் இரண்டு கோடு போட்டுக்கொண்டு போயிற்று.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, புகார் ஆரம்பித்தது. இஸ்திரிக்கு ஆள் இல்லை, செயலாளர் என்ன செய்கிறார்? சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போக வேண்டுமானால் மெயின் ரோடு வழியாக ஒன்றரை கிலோமீட்டர். கூட்டம் போட்டார்கள். சுவரை இடித்துவிடலாம் என்றேன். எல்லாரும் செல்போனைப் பார்த்தார்கள். தலைவர் யோசனை சொன்னார்: அடுத்த வருடம் உற்சவத்துக்கு இரண்டு நாள் முன்னால் இடிப்போம், சாமி போனதும் மறுபடி கட்டிக்கொள்வோம். கை தட்டினார்கள். இஸ்திரிக்கு? சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வைப்போம், துணியைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் கை தட்டினார்கள். போய்ப் பேசிவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

என் துணிக்கூடையையும் எடுத்துக்கொண்டு சுற்றிப் போனேன். வேப்பமரம் பெரியது. நிழல் தெருவின் இரண்டு பக்கமும் விழுந்தது. எங்கள் சுவர் அங்கிருந்து பார்த்தால் பூச்சே இல்லாத வெறும் செங்கல். அந்தப் பக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டியைத் தூக்கி ஊதினார். பதில் சொன்னது மனைவி.

"ஜன்னல் வெச்சா, இந்தாண்ட நிழல்ல நாங்க நிப்போம். அந்தாண்ட வெயில்ல யாரு நிப்பாங்க டீச்சரம்மா?"

"நாங்கதான்."

"அப்ப தாராளமா வைங்க" என்று சொல்லிவிட்டு, என் கூடையை வாங்கி வரிசையில் கடைசியாக வைத்தாள்.

அதை அப்படியே தெருவில் கூடிய கூட்டத்தில் சொன்னேன். தலைவர் ஏழாவது கட்டையின் மேலிருந்த பூந்தொட்டியைப் பார்த்தார். அதில் இருந்த செடி கருகிப் போயிருந்தது. ஜன்னல் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. கார் வைத்திருப்பவர்கள் காரில் துணி கொண்டு போகிறார்கள். நான் காலையில் வெயில் ஏறுவதற்குள் நடந்து போகிறேன். போய் வரிசையில் வைக்கிறேன்.