பழைய போனை முதலில் கொடுத்தேன்

என் கணவர் சரக்குத் தோணியில் மாலத்தீவு போயிருந்தார். அப்போது தூத்துக்குடிக் கடையொன்றில், குறைந்த விலையில் வந்த புது போனுக்காக வரிசையில் நின்றேன். எக்ஸ்சேஞ்ச் என்று பழைய போனை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். என் முறை வந்ததும் விற்பனையாளர், "ஸ்டாக் தீந்துட்டுக்கா, அடுத்த வாரம் வாங்க" என்றார்.

"அப்போ என் போனைத் தாங்க."

"அது கம்பெனிக்குப் போயிட்டு."

சற்றுமுன் கொடுத்த போன் அதற்குள் எப்படிப் போகும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் வீட்டுக்காரர் கடல்ல இருக்காரு. போன் வராம இங்கனயிருந்து நகர மாட்டேன்" என்று வாசலை மறித்தேன். வரிசையில் நின்றவர்களும் சத்தம் போட்டதும், விற்பனையாளர் மேசை டிராயரிலிருந்தே என் போனை எடுத்து நீட்டினார்.

சிம்மைப் போட்டதும், மாலத்தீவில் கரைசேர்ந்திருந்த கணவர் அழைத்தார். "ஏளா, எத்தன தடவ அடிக்கேன். பயந்துட்டேன்" என்றார்.

இப்போதெல்லாம் புது போனில் பேசிப் பார்க்காமல் பழையதைக் கையைவிட்டுக் கொடுப்பதில்லை. அந்த டிராயரை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.